டோரேமான் வழுவியல்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது பெரியோர் கொள்கை. ஆகவே அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். இந்த ஆய்வின் எல்லை வடக்கே டி.வி. ஸ்டாண்டு, தெற்கே சோபா. காலம் மே மாத விடுமுறை. கேட்போர் ஒரே ஒருவர்: அக்கா மகள், வயது எட்டு, மூன்றாம் வகுப்பை முடித்துவிட்டு நான்காம் வகுப்புக்குக் காத்திருப்பவள். ஒன்பது மணிச் செய்திக்காவது ரிமோட் என் கைக்கு வரும் என்பதே நான் எதிர்பார்த்த பயன். அது கைகூடவில்லை.

ஆய்வு பிறந்த தருணம் நன்றாக நினைவிருக்கிறது. நீல நிறப் பூனை ரோபோ டோரேமான், தெருவில் நடந்து வந்து, வாசலைத் தாண்டி, மாடிப்படி ஏறி, தான் கூடவே வாழும் சிறுவன் நோபிடாவின் அறைக்குள் நுழைந்தது. அக்கா மகள் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"மாமா, டோரேமான் செருப்பே போடல. ரோடெல்லாம் சுத்திட்டு அப்படியே பாய் மேல நடக்குறான். நோபிடா அம்மா எதுக்கெடுத்தாலும் திட்டுறாங்கல்ல, இதுக்கு மட்டும் ஏன் திட்டல?"

செருப்பை வாசலில் விடும் விஷயத்தில் ஜப்பானியர் நம்மைவிடக் கறாரானவர்கள். நோபிடாவின் அறையில் தரையே பாய்தான். எனவே இது சில்லறைக் கேள்வி அல்ல. எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று உடனே ஒத்துக்கொள்வது ஆய்வாளருக்கு அழகல்ல என்பதால் "நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த நாளை வருவதற்குள் கேள்விகள் பதினேழு ஆகிவிட்டன. பதினெட்டாவதை அடுக்களையிலிருந்தே என் அம்மா கேட்டார்: "அந்தப் பையனுக்கு அந்த ஒரு மஞ்சச் சட்டையை விட்டா வேற சட்டையே கிடையாதா?"

சினிமாக்காரர்கள் இதைக் கன்டினியூட்டி என்பார்கள். முந்தைய ஷாட்டில் இடக்கையில் இருந்த டம்ளர் அடுத்த ஷாட்டில் வலக்கைக்குப் போய்விட்டால் உதவி இயக்குநருக்குத் திட்டு விழும். தமிழில் இதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சொல் இருக்கிறது: வழு. தொல்காப்பியரின் கிளவியாக்கம் ஏறக்குறைய முழுவதும் இந்த விசாரணைதான். திணை, பால், இடம், காலம், மரபு, வினா, செப்பு என்று வழு ஏழு வகைப்படும். ஏழையும் ஒரே கார்ட்டூனில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தவறைப் பட்டியல் போடுவதோடு மற்ற ஊர்க்காரர்கள் நின்றுவிடுவார்கள். நம் இலக்கணக்காரர்கள் ஒரு படி மேலே போய் வழுவமைதி என்று ஒன்றைக் கண்டார்கள். தவறுதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணுவது. பசுமாடு வீட்டுக்கு வரும்போது மகிழ்ச்சியில் ஒருவன் "என் அம்மை வந்தாள்" என்கிறான். மாடு அஃறிணை, அம்மை உயர்திணை, ஆகவே வழு. பாசத்தில் சொன்னதால் அமைதி. பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்தப் பகுதி, முப்பது ஆண்டு கழித்து ஜப்பானியப் பூனைக்குப் பயன்படும் என்று என் தமிழாசிரியர் நினைத்திருக்க மாட்டார்.

உரைக்குள் போவதற்கு முன் மூலபாடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதி வழு அங்கேதான் பிறக்கிறது. டோரேமானைப் படைத்தவர் ஃபுஜிமோட்டோ ஹிரோஷி. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற பெயரில் எழுதியவர். 1933இல் பிறந்து 1996இல் மறைந்தார். கதை முதலில் வந்தது டி.வி.யில் அல்ல, பத்திரிகையில். அதுவும் ஒரு பத்திரிகையில் இல்லை. ஷோகாகுகான் நிறுவனம் வயதுவாரியாக நடத்திய ஆறு சிறுவர் இதழ்களில், 1970 ஜனவரி இதழில் ஒரே சமயத்தில். மழலைகளுக்கு ஒன்று, முதல் வகுப்புக்கு ஒன்று, நான்காம் வகுப்புக்கு ஒன்று என்று போகும் வரிசை. படிக்கும் பிள்ளைக்கு ஏற்ப ஒவ்வோர் இதழுக்கும் தனியாக முதல் கதை வரைந்தார். ஆக, டோரேமான் மேஜை டிராயரிலிருந்து முதன்முதலாக வெளியே வந்த சம்பவம் ஆறு முறை ஆறு விதமாக நடந்திருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து, 2019இல்தான் ஆறையும் ஒரே புத்தகமாகச் சேர்த்து, பூஜ்யமாவது தொகுதி என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். மூலமே ஆறு என்றால் பாடபேதத்துக்குக் கேட்பானேன்!

இதற்கும் முந்தைய வழு ஒன்று உண்டு. அடுத்த மாதம் புதுத் தொடர் வருகிறது என்று முந்தைய இதழில் விளம்பரம் வந்துவிட்டது. அதில் கதாநாயகனின் பெயரும் இல்லை, படமும் இல்லை. காரணம், ஆசிரியருக்கே அப்போது யார் வரப்போகிறார் என்று தெரியாது. கெடு நெருங்க நெருங்க வீட்டுக்குள் அல்லாடிக்கொண்டிருந்தவர், மகளின் சாய்ந்தாடும் பொம்மை காலில் இடற, அதையும் பூனையையும் சேர்த்துக் குழைத்து டோரேமானை உருட்டினார் என்பது அவரே சொன்ன கதை. நம்மூர்த் தஞ்சாவூர்ப் பொம்மையின் ஜப்பானியப் பங்காளி அது. அந்த உருண்டைக்குக் கழுத்து ஏன் இல்லை என்ற கேள்விக்கு வேறு விடை தேட வேண்டியதில்லை.

தொடரை முடித்ததிலும் இதே கூத்துதான். நான்காம் வகுப்பு இதழைப் படித்த பிள்ளைகள் மார்ச்சில் அந்த இதழை விட்டுப் போவார்கள். அவர்களை அந்தரத்தில் விடக்கூடாது என்று 1971 மார்ச்சில் டோரேமானை எதிர்காலத்துக்கு அனுப்பி ஒரு விடைபெறும் கதை வரைந்தார். 1972 மார்ச்சில் இன்னொன்று, வேறு காரணத்தோடு. 1974இல் மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் நோபிடா தனியாக நின்று, தெரு முரடன் ஜியானிடம் அடிமேல் அடி வாங்கியும் விடாமல் சண்டை போட்டு, "இனி நீ இல்லாமலே சமாளிப்பேன், கவலைப்படாதே" என்று காட்டுகிறான். எந்தக் கல் நெஞ்சும் கரையும். அடுத்த மாதமே டோரேமான் திரும்பி வந்துவிட்டது! எப்படி? சொன்னதெல்லாம் பொய்யாகிப் போகும் ஒரு மருந்தைக் குடித்துவிட்டு, நோபிடா அழுதுகொண்டே "டோரேமான் இனி வரவே மாட்டான்" என்றான். ஆகவே வந்துவிட்டது. ஆசிரியர் தன் வழுவைத் தானே அமைத்துக்கொண்ட இடங்களில் இதைவிட அழகானது எனக்குத் தெரியாது. கதாசிரியனின் வாக்குத் தவறியதற்கு, வாக்கையே தவற வைக்கும் மருந்து.

இனி ஏழு வழு. ஏழுக்கும் சம இடம் தரும் உத்தேசம் எனக்கு இல்லை.

திணையில் எங்கள் வீடே மூன்றாகப் பிரிந்தது. அக்கா மகள் "டோரேமான் வந்துட்டான்" என்பாள். அம்மா "அந்தப் பூனை வந்திருச்சு" என்பார். நான் இந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தி முதலே வந்தானா வந்ததா என்று தடுமாறிக்கொண்டிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணை என்பது நன்னூல். ரோபோ மூன்றிலும் சேராது. ஆனால் அரசாங்கம் ஒருவரை எந்தத் திணையில் வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? 2008இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் டோரேமானை அனிமே தூதராக நியமித்தது. ஆசிரியர் வாழ்ந்த கவாசாகி நகராட்சி 2012 செப்டம்பர் 3 அன்று அதற்குச் சிறப்பு இருப்பிடச் சான்றிதழ் கொடுத்தது. நகராட்சி ஆபீசில் சான்றிதழ் வாங்குவது எத்தனை மனிதர்களுக்கே வாய்க்காத பேறு என்பதை எண்ணிப் பார்த்து, இனி டோரேமானை உயர்திணையாகவே எழுதுவது என்று முடிவு செய்தேன். அம்மா உடன்படவில்லை. ஒரு தகவல்: கதைக்குள்ளேயே டோரேமானைப் பார்க்கிறவர்கள் பூனை என்றுகூடச் சொல்வதில்லை. தனுகி என்னும் நாய்க்குடும்பத்து விலங்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அவனுக்கு வரும் கோபமெல்லாம் அப்போதுதான்.

பால்வழுவைச் சுருக்கமாக முடிக்கலாம். 1973இல் முதல் டி.வி. தொடர் வந்தபோது டோரேமானுக்குக் குரல் கொடுத்தவர் தோமிதா கோசெய் என்ற ஆண். பாதியில் அவரை மாற்றி நோசாவா மசாகோ என்ற பெண்மணியைப் பேச வைத்தார்கள் (பிற்காலத்தில் டிராகன் பால் கோக்குவாகப் புகழ்பெற்றவர்). அந்தத் தொடர் அரையாண்டில் நின்றுவிட்டது. 1979இல் மறுபடி தொடங்கியதிலிருந்து 2005 வரை ஓயாமா நொபுயோ, அதற்குப் பிறகு மிசுதா வாசாபி, இருவரும் பெண்கள். குரல் மாறியதற்குக் கதைக்குள் காரணம் ஏதும் தரப்படவில்லை. தொண்டை உடைந்து பெண் குரலான ஒரே ஆண்பிள்ளை டோரேமான்தான்.

இடவழு. நோபிடாவின் வீடு தோக்கியோவின் நெரிமா வட்டாரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் கூடும் காலி மனையில் மூன்று பெரிய சிமென்ட் குழாய்கள், கீழே இரண்டு மேலே ஒன்றாக அடுக்கியபடி கிடக்கின்றன. ஐம்பது ஆண்டுக்கு மேல் கிடக்கின்றன. யாரும் பள்ளம் தோண்டவில்லை, யாரும் புதைக்கவில்லை. வெளிநாட்டு ரசிகர்களுக்கு இது பெரிய புதிராக இருக்கக்கூடும். எங்கள் வீட்டில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. எங்கள் தெருமுனையிலும் குழாய் கிடக்கிறது.

மரபுவழுவில் பூனை எலிக்குப் பயப்படுவது அடக்கம். மரபியலில் தொல்காப்பியர் வெருகையும் எலியையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, இரண்டின் பிள்ளைக்கும் குட்டி என்ற ஒரே பெயரைக் கொடுத்திருக்கிறார். அந்தச் சகோதர உணர்வு 22ஆம் நூற்றாண்டில் அழிந்துவிடுகிறது. டோரேமானின் காதுகளை எலி கடித்துவிட்டது. இதற்கும் பாடபேதம் இருக்கிறது. பழைய பாடத்தில் தூங்கும்போது எலி கடித்தது. அதிர்ச்சியில் உடம்பு நீலமாகிப் போனது. 1995இல் வந்த, டோரேமானின் பிறப்பைச் சொல்லும் படத்தில் கடித்தது ரோபோ எலி. காதில்லாத தலையைப் பார்த்துக் காதலி சிரித்துவிட, மனம் நொந்தவன் உற்சாக மருந்து என்று நினைத்துச் சோக மருந்தைக் குடித்து, அழுது அழுது மேல்பூச்சு மஞ்சள் உரிந்து நீலமானான். முதலில் அவன் மஞ்சள் என்பதே நம் ஊரில் பலருக்கும் செய்தியாக இருக்கும். அழுகையில் தொண்டையும் கரகரத்துவிட்டது என்கிறது அந்தப் படம். மேலே குரலுக்குக் காரணம் இல்லை என்று எழுதியதை இங்கே பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கையில் விரல் இல்லாதது, டோரேமான் பொருள்களை எப்படிப் பிடிக்கிறான் என்பதெல்லாம் சின்ன விஷயம். கையில் ஒட்டிக்கொள்ளும் சக்தி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கல், காகிதம், கத்தரி விளையாட்டில் அவனால் கல் மட்டுமே காட்ட முடியும் என்று தெரிந்தும் அதே விளையாட்டுக்கு அவனை அழைக்கிறார்களே, அது வழு அல்ல, கொடுமை.

எண்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டோரேமானின் உயரம் 129.3 சென்டிமீட்டர். எடை 129.3 கிலோ. தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் 129.3. வலிமை 129.3 குதிரைத் திறன். எலியைக் கண்டால் குதிக்கும் உயரம் 129.3 சென்டிமீட்டர், ஓடும் வேகம் மணிக்கு 129.3 கிலோமீட்டர். பிறந்த நாள் 2112 செப்டம்பர் 3; அதாவது 12, 9, 3. தையல்காரர் ஒருமுறை அளவெடுத்துவிட்டு எல்லாக் கட்டத்திலும் அதையே எழுதி வைத்த மாதிரி இருக்கும். உண்மையில் இது அன்றைய ஜப்பானிய நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் சராசரி உயரம். தோழன் மேலிருந்து குனிந்து பார்க்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்களாம். இதைச் சொன்னதும் அக்கா மகள் எழுந்துபோய்க் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். தலைக்கு மேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 127. "ஸ்கூல் திறக்கறதுக்குள்ள ரெண்டு புள்ளி மூணு வளர்ந்துருவேன்" என்றாள். அந்தக் கோடு இன்னும் நிலையில் இருக்கிறது. எங்கள் ஆய்வு விட்டுச் சென்ற ஒரே கல்வெட்டு அது.

உயரத்தில் சிக்கல் இல்லை, எடையில்தான் இருக்கிறது. நோபிடா அறையின் சுவர் அலமாரி மேல்தட்டில் மெத்தை விரித்து டோரேமான் தூங்குகிறான். நம் பரண் மாதிரி ஒரு பலகை. 129.3 கிலோவை அது எப்படித் தாங்குகிறது? இந்தக் கேள்வியையும் செருப்புக் கேள்வியையும் ஒரே முடிச்சாகப் பின்னால் அவிழ்ப்பேன்.

இப்போது காலவழு. இந்த ஆய்வு மொத்தமும் இங்கேதான் தடுக்கி விழுகிறது.

இலக்கணச் சிக்கலே பெரிது. டோரேமான் 2112இல் பிறந்தான் என்று எழுதுவதா, பிறப்பான் என்று எழுதுவதா? பிறக்கப் போகிறவன் 1970லேயே வந்துவிட்டான். பிறப்பதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்னால் சான்றிதழும் வாங்கிவிட்டான். எதிர்காலத்தை இறந்தகாலத்தில் சொல்வதற்கு நன்னூலில் இடம் உண்டு. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்காமலே "இதோ வந்துட்டேன்" என்கிறோமே, அது விரைவு பற்றிய காலவழுவமைதி. அக்கா மகள் அந்த விடுமுறையில் ஒரு நாளைக்கு நான்கு முறை அந்த அமைதியைக் கையாண்டாள், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆரம்பக் கதைகளில் டோரேமான் 21ஆம் நூற்றாண்டிலிருந்து வந்தவன். 1970இல் அது எட்டாத தூரம். நாள் ஓட ஓட 21ஆம் நூற்றாண்டு பக்கத்துத் தெருவரைக்கும் வந்துவிட்டது; பறக்கும் காரையும் காணோம், ரோபோ பூனையையும் காணோம். சத்தமில்லாமல் அவனை 22ஆம் நூற்றாண்டுக்காரனாக்கி, பிறந்த வருடத்தையும் நூறு தள்ளி வைத்தார்கள். ஜாதகத்தை இவ்வளவு துணிச்சலாகத் திருத்திய இன்னொரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

நோபிடாவுக்கு வயது ஏறாததைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. செர்ரி பூக்கிறது, கோடை விடுமுறை வருகிறது, பனி கொட்டுகிறது, புத்தாண்டு பிறக்கிறது, மறுபடி செர்ரி பூக்கிறது; அவன் அதே வகுப்பில் அதே முட்டை மார்க்கோடு நிற்கிறான். புத்தகத்தில் நான்காம் வகுப்பு, டி.வி.யில் ஐந்தாம் வகுப்பு. புத்தகத்திலிருந்து டி.வி.க்கு வந்ததில் ஒரே ஒரு முறை பாஸாகியிருக்கிறான். மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு என்பதை நம்புகிற ஊர் இதைக் கேள்வி கேட்க முடியாது.

இனிமேல்தான் சேவாஷி பிரச்சினை. டோரேமானை அனுப்பி வைத்தவன் சேவாஷி. நோபிடாவின் பேரனுக்குப் பேரன், அதாவது எள்ளுப்பேரன். (இந்த உறவுக்கு ஒற்றைச் சொல் இல்லாத மொழிகளில் இந்தக் கதையைச் சொல்லும்போதே மூச்சு வாங்கும்.) நோபிடா பெரியவனாகிக் கம்பெனி ஆரம்பித்து, அது எரிந்து, பிறகு திவாலாகி, மலையளவு கடன் வைத்துவிட்டுப் போகிறான். அந்தக் கடன் நூறு ஆண்டு கழித்தும் தீரவில்லை. புத்தாண்டுக்குப் பெரியவர்கள் தந்த காசு ஐம்பது யென்தான் என்று சேவாஷி புலம்புகிறான். இதைக் கேட்டு அம்மாவே அடுக்களையை விட்டு வெளியே வந்துவிட்டார். கடன் விவகாரம் என்றால் அவருக்குக் கார்ட்டூனும் கதாகாலட்சேபமும் ஒன்றுதான்.

"ஐம்பது காசுக்கு வழியில்லாதவன் வீட்டுல ரோபோ எப்படிடா வாங்குனாங்க?"

நியாயமான தடை. விடை: டோரேமான் முதல் தர ரோபோ அல்ல. தயாரிக்கும்போதே ஒரு திருகாணி கழன்றுபோன சரக்கு. அதையும் விலை பார்த்து வாங்கவில்லை. கைக்குழந்தையாக இருந்த சேவாஷி பொத்தானைத் தட்டிவிட்டதால் வந்து சேர்ந்தது என்று 1995 படம் சொல்கிறது. போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் வாசலில் பார்சல் வந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இது வழுவாகவே தெரியாது.

தலைவிதிப்படி நோபிடா கட்டிக்கொள்ளப் போவது ஜியானின் தங்கை ஜெய்கோவை. ஆல்பத்தில் ஆறு பிள்ளைகளோடு போட்டோகூட இருக்கிறது. டோரேமான் வந்து விதியை மாற்ற, பின்னால் நோபிடா தன் தோழி ஷிசுகாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அப்படியென்றால் ஜெய்கோ வழியில் வந்த சேவாஷி என்ன ஆவான்? முதல் கதையில் நோபிடாவே இதைக் கேட்டுவிடுகிறான். அவனுக்கு முட்டை மார்க் போடும் வாத்தியார் கவனிக்க வேண்டும். சேவாஷியின் விடை இதுதான்: தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ரயிலிலும் போகலாம், விமானத்திலும் போகலாம், திசை சரியாக இருந்தால் ஒசாகா வந்துவிடும்.

எங்கள் வீட்டுக்காக ஒசாகாவை மதுரையாக மாற்றிச் சொன்னேன். சென்னையிலிருந்து வைகையில் ஏறினாலும் மதுரை, பாண்டியனில் ஏறினாலும் மதுரை. அக்கா மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மதுரை அங்கயே இருக்கு மாமா. நம்ம போனாலும் இருக்கும், போகாட்டியும் இருக்கும். சேவாஷி அப்படியா? பாட்டி மாறினா அவன் எப்படி அவனா இருப்பான்?"

ஜப்பானியச் சிறுவர்கள் ஐம்பது ஆண்டுகளாக மென்று முழுங்கிய விடையை எட்டு வயதுப் பெண் துப்பிவிட்டாள். நான் கணக்கில் இறங்கினேன். எள்ளுப்பேரன் ஒருவனுக்கு அந்தத் தலைமுறையில் பாட்டன் பாட்டிகள் மொத்தம் பதினாறு பேர். ஜெய்கோ அதில் ஒருத்தி. பதினாறில் ஒன்று என்பது நம் பழைய கணக்கில் மாகாணி. ரூபாய்க்கு ஓரணா. ரூபாய்க்கு ஓரணா பிழையைப் பெரிதுபடுத்தினால் உலகத்தில் ஒரு கடையும் நடக்காது என்று முடித்தேன். கணக்கில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும்; அவளுக்குப் பின்னங்கள் இன்னும் நடத்தவில்லை என்ற தைரியம்தான்.

தீர்ப்பு அம்மாவிடமிருந்து வந்தது. "இதுல என்ன குழப்பம்? நோபிடா பேரனுக்கு ஜெய்கோ பேத்தியைக் கட்டி வெச்சா ரெண்டு ரத்தமும் வந்துட்டுப் போகுது. சொந்தமும் விட்டுப் போகாது." சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டார். ஒரு மாதமாக நான் புரட்டிக்கொண்டிருந்த முடிச்சு அது. தொல்காப்பிய உரையில் இளம்பூரணரும் சேனாவரையரும் மோதும் இடத்தில் நச்சினார்க்கினியர் நடுவில் புகுந்து சொற்களை முன்பின்னாகக் கூட்டிப் பொருள் சொல்வாரே, அதே வேலை.

ஆனால் இதிலும் ஒரு வழுவுக்கு அமைதி கிடைக்கவில்லை. டோரேமான் வந்ததால் கடன் தீர்ந்தால் சேவாஷிக்கு டோரேமானை அனுப்பத் தேவையே இருக்காது. அனுப்பாவிட்டால் கடன் தீராது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். இயற்பியல்காரர்கள் இதற்குத் தாத்தா முரண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாத்தாவைக் குற்றவாளி ஆக்குவதைத் தவிர அவர்களும் வேறொன்றும் சொல்லவில்லை.

மிச்சம் வினாவும் செப்பும். பதினேழு கேள்விகளில் ஒன்பது ஒரே கேள்விதான், வேடம்தான் வேறு வேறு: நேற்று உபயோகித்த கருவியை இன்று ஏன் உபயோகிக்கவில்லை? நினைத்த இடத்துக்குத் திறக்கும் கதவு பையில் இருக்கும்போது நோபிடா ஏன் பள்ளிக்கூடத்துக்கு மூச்சிரைக்க ஓடித் தாமதமாகிறான்? தலையில் செருகினால் பறக்கும் மூங்கில் காத்தாடி இருக்கும்போது ஜியானிடம் எதற்கு அடி வாங்குகிறான்? அவசரமான நேரத்தில் டோரேமான் வயிற்றுப்பையிலிருந்து கெண்டி, சட்டி, பழைய செருப்பு என்று எடுத்து எடுத்து வீசுவானே தவிர, வேண்டியது அகப்படாது. கர்ணனுக்கு ஆபத்து நேரத்தில் அஸ்திரம் மறந்தது பரசுராமர் சாபத்தால். அனுமனுக்குத் தன் பலம் தெரியாமல், ஜாம்பவான் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. டோரேமானுக்கு ஒரு திருகாணி கழன்றதால். மறை கழன்ற கேஸ் என்று நாம் சொல்வதை ஜப்பானியர் தொழிற்சாலை அறிக்கையாகவே எழுதிவிட்டார்கள். நோபிடாவின் மறதிக்கு எந்த அறிக்கையும் தேவையில்லை. மழை பெய்யும்போது எங்கள் வீட்டுக் குடைகள் நான்கும் ஆபீசில் இருக்கும்.

கடைசியில் செருப்பு. இதே கேள்வியை ஜப்பானியப் பிள்ளைகளும் கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி ஒரு விடை பிறந்திருக்காது. டோரேமானின் பாதம் தரையில் படுவதே இல்லை. புவியீர்ப்பை எதிர்க்கும் கருவி காலில் இருக்கிறது. தரைக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் மிதந்தபடியேதான் நடக்கிறான். ஆகவே அழுக்கு ஒட்டாது, ஆகவே நோபிடா அம்மா திட்டவில்லை. பரண் பலகை ஏன் உடையவில்லை என்பதற்கும் இதையே சொல்லிவிட்டேன். மேலே தள்ளும் விசை கீழேயும் தள்ளத்தானே செய்யும், பலகை எடையைத் தாங்கித்தானே ஆக வேண்டும் என்று நியூட்டன் பக்கமிருந்து தடை எழலாம். அந்த நேரத்தில் சோபாவில் நியூட்டன் இல்லை.

மூன்று மில்லிமீட்டர்! ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம். யாரோ ஒரு வட்டக்கால் பூனையை வரைகிறார், செருப்பை மறந்துவிடுகிறார். ஒரு பிள்ளை கேட்கிறது. அந்த ஒரு கேள்விக்காகப் பாதத்துக்கும் பாய்க்கும் நடுவே ஒரு காகித இடைவெளியை உண்டாக்கி, அதற்குள் ஒரு இயந்திரத்தையும் பொருத்தி வைக்கிறார்கள். அன்று இரவு அக்கா மகள் ஹால் முழுக்க நுனிக்காலில் நடந்தாள். நானும் இரண்டு நாணயத்தைத் தரையில் வைத்து, குனிந்து, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் கோடை மழை கொட்டியது. விட்டதும் தெருவில் தேங்கிய தண்ணீரில் குதித்துவிட்டு, செம்மண் காலோடு அவள் உள்ளே ஓடி வந்தாள். அம்மா அப்போதுதான் தரை துடைத்து நிமிர்ந்திருந்தார்.

"எருமை, காலைக் கழுவிட்டு வர்றதுக்கென்ன?"

"கால் தரையில படவே இல்ல அம்மாச்சி. மூணு மில்லிமீட்டர் மேலதான் இருக்கேன். மாமாகிட்ட கேளு."

வாசலிலிருந்து டி.வி. வரைக்கும் பதினோரு காலடி, ஐந்து விரலும் தெரியும்படி. அம்மா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மாப்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.